எழுத மறுக்கும் டிரைவ்

வீட்டுக் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகிப் புதிதாக எதையாவது போடப் பார்க்கிறோம். ‘டிஸ்க் இஸ் ரைட் புரொடெக்டட்’ என்று திரை மறுக்கிறது. உடனே சுற்றியிருப்பவர்கள் எல்லோருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான். ‘ஒண்ணுமில்ல அங்கிள், ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்.’ பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வீட்டுக்கு வீடு இன்ஜினியரிங் படித்த பிள்ளை ஒன்று இருக்கும். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த பென் டிரைவில் அக்கா பெண்ணின் புதுநன்மை போட்டோக்களும், போய்ச் சேர்ந்த தாத்தா பேசிய இரண்டு நிமிட வீடியோவும் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை. ஃபார்மட் அடிக்கும் யோசனை தவறு என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எழுத முடியாத டிரைவ் என்றால் அது படிக்க முடிகிற டிரைவ். இந்த ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொண்டால் போதும், பாதி நஷ்டம் தவிர்ந்துவிடும். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வழி இன்னும் திறந்திருக்கிறது. முதல் வேலை நகலெடுப்பது. பூட்டு எதனால் விழுந்தது என்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு.

நகல் எடுத்தாயிற்று என்றால், அடுத்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: எங்கெல்லாம் எழுத முடியவில்லை? ஒரே ஒரு மென்பொருளிலிருந்து மட்டும் சேமிக்க முடியவில்லையா, ஒரு ஃபோல்டரில் மட்டுமா, முழு டிரைவிலுமா? முழு டிரைவ் என்றால் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமா, அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அப்படியா? ஒவ்வொரு பதிலும் வேறொரு காரணத்தைக் காட்டும். இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு, கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் அடித்துப் பார்ப்பதால்தான் பலருக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் வீணாகிறது.

விண்டோஸில் பலரை அலைக்கழிக்கும் ஒரு சின்னக் கட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். ஏதாவது ஒரு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போனால், அடியில் ‘ரீட் ஒன்லி’ என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் அடிக்காமலும் காலியாக இல்லாமலும், நடுவில் ஒரு நிறச்சதுரம் மட்டும் தெரியும். அதை எடுத்துவிட்டு அப்ளை கொடுக்கிறோம், கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் ஓடுகிறது. மறுபடி திறந்து பார்த்தால் சதுரம் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வைரஸ் என்று பயந்து விண்டோஸையே மறுபடி போட்டவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. நன்றாக எழுத முடிகிற ஃபோல்டரிலும் அந்தச் சதுரம் அப்படியேதான் இருக்கும்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1980-களின் டாஸ் காலத்தில், டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு இருக்கும். பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று, அடுத்த ஒரு பைட் அந்தக் கோப்பின் குணங்களுக்கு. அந்த பைட்டில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குணம்: மறைந்திருப்பது, சிஸ்டத்துக்கு உரியது, பேக்கப் எடுக்க வேண்டியது என்று. முதல் பிட்தான் ரீட் ஒன்லி. அது 1 என்றால் கோப்பை மாற்றவோ அழிக்கவோ விடாது. தனிக் கோப்புக்கு இது இன்றைக்கும் வேலை செய்கிறது. 1983-ல் டாஸ் 2.0 வந்தபோது கோப்புகளைப் பிரித்துவைக்கும் உள் டைரக்டரிகளும் வந்தன. அவற்றுக்கும் அதே 32 பைட் பதிவுதான், ஆனால் டைரக்டரிக்கு அந்த முதல் பிட்டால் பெரிய பயன் இல்லை. உள்ளே புதுக் கோப்பு போடுவதை அது தடுக்காது. சும்மா கிடந்த அந்த பிட்டைப் பிற்பாடு விண்டோஸ் எக்ஸ்புளோரர் தன் சொந்தக் காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போலத் தனி ஐகானோ தனித் தோற்றமோ உள்ள ஃபோல்டர் என்பதற்கான அடையாளமாக அதை வைத்திருக்கிறது. ஆகவே பிராப்பர்டீஸில் தெரியும் அந்தக் கட்டம் உண்மையில் ஃபோல்டரைப் பற்றிப் பேசவே இல்லை. ‘உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு மொத்தமாக ஏதாவது செய்யவேண்டுமா’ என்றுதான் கேட்கிறது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஃபோல்டர் நிஜமாகவே எழுத விடவில்லை என்றால் ‘செக்யூரிட்டி’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். 1993-ல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த என்.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு அமைப்பு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் கோப்புக்கும் ஒரு அனுமதிப் பட்டியலை வைத்திருக்கிறது. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் உரிமையாளர் என்பது அதில் இருக்கும். அடிக்கடி நடப்பது இதுதான்: பழைய கம்ப்யூட்டர் செத்துப்போகிறது. அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, எஸ்.பி. ரோட்டில் ஒரு யூ.எஸ்.பி. கேஸ் வாங்கிப் போட்டு, புது லேப்டாப்பில் செருகுகிறோம். ஃபோல்டர்கள் தெரிகின்றன, ஆனால் ‘ஆக்சஸ் டினைட்’ என்று வருகிறது. என் டிஸ்க், என் பெயர், என் போட்டோ, எனக்கே அனுமதி இல்லையா என்று கோபம் வருவது நியாயம்.

விண்டோஸ் உங்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு பயனருக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறது. விண்டோஸ் நிறுவப்படும்போது அந்தக் கம்ப்யூட்டருக்கென்று தற்செயலாக உருவாகும் எண்கள் நடுவிலும், பயனரின் வரிசை எண் கடைசியிலும் வரும். இதை ஆதார் எண் போல வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் இரண்டு அந்தோணிகள் இருந்தாலும் ரேஷன் கடைக் கருவிக்கு எண்தான் ஆள். பழைய கம்ப்யூட்டரின் ‘நீங்கள்’ வேறு, புது லேப்டாப்பின் ‘நீங்கள்’ வேறு. பழைய ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த நீண்ட எண் மட்டும் நிற்பதைப் பார்த்தால், காரணம் இதுதான் என்று உறுதியாகிவிடும். அட்வான்ஸ்டு என்பதைத் திறந்து, ஓனர் என்ற இடத்தில் சேஞ்ச் கொடுத்து, இப்போதைய பயனரின் பெயரைப் போட்டு, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருத்தச் சொன்னால் உரிமை மாறும். பிறகு அதே செக்யூரிட்டி பக்கத்தில் உங்கள் பெயரைச் சேர்த்து ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தால் ஃபோல்டர் திறக்கும்.

இரண்டு எச்சரிக்கை. உங்கள் போட்டோ ஃபோல்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரில் இதைச் செய்தால், வைரஸிடமிருந்து அதைக் காக்கிற வேலியையே நீங்கள் பிடுங்கிப் போட்டதாகும். இரண்டாவது, பழைய கம்ப்யூட்டரில் யாராவது கோப்புகளை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால், ஓனர் மாறியும் அவை திறக்காது. அதற்குப் பழைய பயனரின் சான்றிதழோ, டிரைவ் முழுவதையும் என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீடோ வேண்டும். பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன் இதைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டால் பிறகு யாராலும் உதவ முடியாது.

ஒரே ஒரு மென்பொருள் மட்டும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் சேமிக்க மறுத்து, மற்றவை சேமித்தால், பணம் கேட்கும் வைரஸ்களுக்கு எதிரான காவலைச் சந்தேகியுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற அப்படியொரு வைரஸ் உலகையே உலுக்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் ‘கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற வசதி சேர்ந்தது. தனக்குத் தெரியாத மென்பொருள் எதுவும் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தொட அது விடாது. வழக்கமாக அணைந்தே இருக்கும், வீட்டில் யாரோ ஆன் செய்திருப்பார்கள். அணைக்க வேண்டாம். ரான்சம்வேர் புரொடெக்ஷன் பக்கத்தில் அந்த ஒரு மென்பொருளை மட்டும் அனுமதித்தால் போதும்.

பெங்களூருக்கே உரிய இன்னொன்று: பிள்ளையின் ஆபீஸ் லேப்டாப். வீட்டு பென் டிரைவ் அதில் திறக்கும், படிக்கும், எழுத மட்டும் விடாது. அப்பா தன் பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். கம்பெனித் தகவல் வெளியே போய்விடக் கூடாது என்று நிர்வாகம் போட்ட கட்டுப்பாடு அது. சில கம்பெனிகளில் பிட்லாக்கர் போடாத எந்த டிரைவிலும் எழுத முடியாதபடி வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிப்போக வழி தேடாதீர்கள், பிள்ளையின் வேலைக்கே வினையாகும். ஆபீஸில் கொடுத்தது மேக்புக் என்றால் கதை வேறு. மேக் என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கைப் படிக்கும், எழுதாது. இரண்டிலும் பயன்பட வேண்டிய டிஸ்க்கை வாங்கியவுடனே, காலியாக இருக்கும்போதே, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து வைத்துக்கொள்வது நல்லது. 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கல்யாண வீடியோவைப் பழைய ஃபேட்32 தாங்காது, எக்ஸ்ஃபேட் தாங்கும்.

கரண்ட் போவதும் ஒரு காரணம். ஏப்ரல், மே மாதத்து மாலை மழையில் நம் பக்கம் மின்சாரம் போய்ப் போய் வருவது தெரிந்ததே. எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால், டிஸ்க்கின் கணக்குப் புத்தகம் பாதியில் நின்றுவிடும். என்.டி.எஃப்.எஸ். தான் செய்யப்போவதை முன்கூட்டியே குறித்து வைப்பதால் பெரும்பாலும் மீண்டுவிடும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு இல்லை. லினக்ஸ் இந்த விஷயத்தில் கறார். கணக்கில் பிசகு கண்டால், மேலும் கெடாமல் இருக்கத் தானே முழு டிரைவையும் ரீட் ஒன்லியாக மாற்றிவிடும். உபுண்டு இப்படித்தான் அமைந்து வருகிறது. விண்டோஸும் உபுண்டுவும் சேர்த்துப் போட்ட கல்லூரி லேப்டாப்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 2012-ல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’, ஷட் டவுன் செய்தாலும் உண்மையில் பாதித் தூக்கத்தில்தான் வைக்கிறது. டிரைவ் இன்னும் விண்டோஸின் கையில் இருப்பதாகக் கண்டு லினக்ஸ் அதில் எழுதுவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தால் தீரும். மற்றபடி, பிசகிய கணக்கை விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டிச் சரிசெய்யலாம். அதையும் நகல் எடுத்த பிறகே செய்யுங்கள், ஏனென்றால் செக்டிஸ்க் திருத்துவதும் ஒருவகை எழுதுவதுதான்.

கேமரா வைத்திருப்பவர்கள் எஸ்டி கார்டை எடுத்து இடப்பக்க ஓரத்தைப் பாருங்கள். நகம் அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டு மேலும் கீழும் நகரும். கீழே தள்ளினால் லாக். அந்தத் துண்டுக்கும் கார்டுக்குள் இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கார்டு ரீடரில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச்தான் அது எங்கே நிற்கிறது என்று தடவிப் பார்த்து முடிவு செய்கிறது. பழகிப் பழகித் துண்டு தொளதொளத்து, செருகும்போதே கீழே இறங்கிவிடும். சில சமயம் உடைந்தே விழுந்துவிடும், அப்போது ரீடர் எப்போதுமே லாக் என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய செலோடேப் துண்டு ஒன்றை ஒட்டினால் கார்டு மறுபடி எழுதும். மைக்ரோ எஸ்டியில் இந்த லாக் இல்லை, அதைப் போடும் அடாப்டரில் இருக்கிறது. அடாப்டரை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவை எதுவும் இல்லை, எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் எழுத மறுக்கிறது என்றால், மிகத் தீவிரமான காரணத்துக்கு வந்துவிட்டோம். டிரைவ் தன் ஆயுள் முடிந்ததைத் தானே அறிவித்திருக்கிறது.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி எல்லாவற்றிலும் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது. இன்று நாம் பயன்படுத்தும் நேண்ட் வகை 1987-ல் வெளிவந்தது. ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் எலக்ட்ரான்களை அடைத்துவைப்பதும் வெளியேற்றுவதும்தான் அதன் எழுத்து. எலக்ட்ரான்கள் வெளியே கசியாமல் சுற்றிலும் கண்ணாடி போன்ற ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது, 10 நானோமீட்டருக்கும் மெல்லியது. எழுதும்போதும் அழிக்கும்போதும் சுமார் 20 வோல்ட் அழுத்தம் கொடுத்து, இந்தப் படலத்தின் ஊடாகவே எலக்ட்ரான்களைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் படலம் கொஞ்சம் சிதைகிறது. படிக்கும்போது அந்தக் கொடுமை இல்லை, சிறிய மின்னழுத்தத்தில் செல்லின் நிலையை அறிந்துகொள்ளலாம். எழுதத்தான் ஆயுள் செலவாகிறது.

அழிக்கும்போது ஒரு எழுத்தை மட்டும் அழிக்கவும் முடியாது. நூற்றுக்கணக்கான கிலோபைட்டிலிருந்து பல மெகாபைட் வரை கொண்ட ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க வேண்டும். ஒரு செல்லில் ஒரே பிட் வைக்கும் ஆரம்பகாலச் சிப்புகள் சுமார் 1,00,000 முறை தாங்கின. இப்போது விலை குறைவாக வேண்டும் என்று ஒரு செல்லிலேயே மூன்று பிட் திணிக்கிறார்கள். அவை தாங்குவது பொதுவாக 1,000 முதல் 3,000 முறை. இதனால்தான் வாசல் கேமராவில் இரவு பகலாக ஓடும் சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு சீக்கிரம் ஓய்ந்துபோகிறது. அதற்கென்று ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று எழுதிய கார்டுகள் உண்டு, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

சிப்போடு சேர்ந்து உள்ளே ஒரு கண்ட்ரோலர் இருக்கிறது. பழுதான பிளாக்குகளை ஒதுக்கிவிட்டு, உபரியாக வைத்திருக்கும் பிளாக்குகளை அந்த இடத்தில் போட்டு அது ஈடுகட்டிக்கொண்டே வரும். உபரி தீர்ந்துவிட்டால், இனி எழுதினால் இருப்பதும் போகும் என்று எழுதும் வழியை அடைத்துவிடும். எல்லா கண்ட்ரோலரும் இவ்வளவு கண்ணியமாக நடந்துகொள்வதில்லை, சில சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். பூட்டிக்கொள்கிற டிரைவ் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

இந்த நிலைக்கு ஓர் அடையாளம் உண்டு. கோப்புகளை அழிக்கிறீர்கள், அழிந்ததாகவே தெரிகிறது. சில சமயம் ஃபார்மட்கூட முடிந்ததாகச் சொல்கிறது. கழற்றி மறுபடி செருகினால் எல்லாப் போட்டோக்களும் அதே இடத்தில் இருக்கின்றன. பேய் வேலை எதுவும் இல்லை. விண்டோஸ் தன் நினைவில் மாற்றிக்கொண்டதை டிரைவ் உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்பினால், டிஸ்க்பார்ட் என்ற கருவியில் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அதன் ‘ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க்’ விவரத்தைக் கேளுங்கள். ‘கரண்ட் ரீட் ஒன்லி ஸ்டேட்’ என்பதற்கு எஸ் என்றும், அதற்கு அடுத்து வரும் ‘ரீட் ஒன்லி’ என்பதற்கு நோ என்றும் வந்தால், விண்டோஸ் பூட்டவில்லை, வன்பொருளே பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டுமே எஸ் என்றால் விண்டோஸ் போட்ட பூட்டு, அதை நீக்கும் கட்டளையும் அதே கருவியில் இருக்கிறது. வன்பொருள் போட்ட பூட்டை எந்தக் கட்டளையாலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று கிடைக்கும் மென்பொருள்களில் சில, கண்ட்ரோலரையே மறுபடி ஆரம்பத்திலிருந்து அமைப்பவை. டிரைவ் உயிர்பெறலாம், போட்டோக்கள் போய்விடும்.

தடயவியல் ஆய்வகங்களில் ஒரு டிஸ்க்கைச் சாட்சியமாக எடுக்கும்போது, ‘ரைட் பிளாக்கர்’ என்ற கருவியை நடுவில் வைத்து, ஒரு பிட்கூட மாறாமல் நகல் எடுக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டம், 63-ஆம் பிரிவின் கீழ் மின்னணு ஆவணத்தோடு கொடுக்கும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. அதாவது உள்ளே எதுவும் மாறவில்லை என்பதற்கான எண். நீதிமன்றத்துக்காகக் கருவி வாங்கி உண்டாக்கும் நிலையில்தான் உங்கள் பென் டிரைவ் தானாகவே இப்போது இருக்கிறது. இதைவிட நல்ல நகல் எடுக்க வேறு தருணம் அமையாது. கடையில் கொடுப்பதானாலும், ‘சரிபண்ணுங்க’ என்று சொல்லாதீர்கள். ‘டேட்டா வேணும், டிரைவ் வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

பூட்டிக்கொண்ட டிரைவ் பத்திரமாகத்தானே இருக்கிறது, பீரோவில் வைத்தால் ஆயிற்று என்று நினைத்துவிட வேண்டாம். சிதைந்த படலத்தின் வழியே அடைத்துவைத்த எலக்ட்ரான்கள் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும், சூடு கூடக் கூட வேகமாக. ஜெடெக் என்ற மின்னணுத் தர அமைப்பு, வீட்டுக் கம்ப்யூட்டர் எஸ்எஸ்டிகளுக்கு வைத்திருக்கும் அளவுகோல் இது: குறித்த அளவுக்கு எழுதித் தேய்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவல் நிற்க வேண்டும். அந்த அளவுக்குக்கூட உங்கள் பென் டிரைவ் தாங்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. ஆகவே வீட்டில் அப்படியொன்று கிடந்தால் இந்த வாரமே எடுத்துச் செருகி, ஒரு நகலை வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொன்றைத் தம்பி வீட்டிலோ தங்கை வீட்டிலோ வையுங்கள். இரண்டு நகலையும் திறந்து, தாத்தா பேசுவது கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழைய டிரைவைத் தூக்கிப் போடுங்கள்.